ஸ்கிரீன்ஷொட் அனுப்பாதேங்கோ, ஓட்டோக் காசு அனுப்புங்கோ



இந்த வாரம் பொட்காஸ்டில் வானிலை மொடல்களைப் பற்றிக் கதைத்திருக்கிறோம். கேட்டிருப்பீங்கள் என்று நினைக்கிறேன். மைக்குக்கு முன்னால் சொல்லத் துணிவு வராத ஒரு கதை என்னிடம் இருக்கு. அதை இஞ்ச எழுதிறன், ஏனெண்டா இந்த வார விஷயத்தில் என்ர கருத்து முழுக்க அந்தக் கதையில இருந்துதான் வருகுது.

2020 டிசம்பர் 2, புதன்கிழமை. கொரோனா காலம், வீட்டில இருந்துதான் வேலை. ஃப்ரிபூர்க்கில் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. மேசையில் இரண்டு திரை. ஒன்றில் கிளையன்ட்டின் கோட், மற்றதில் காற்று வரைபடம். வங்காள விரிகுடாவில் புரெவி புயல் இலங்கையைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறது. கைபேசியில் எங்கட குடும்ப வட்ஸ்அப் குழு: ரொறொன்ரோ, பாரிஸ், லண்டன், சுவிஸ், யாழ்ப்பாணம். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. "எங்க அடிக்கும்?"

அந்தக் கேள்வி கடைசியில் என்னிடம்தான் வரும். நான் "கொம்பியூட்டர் படிச்ச பெடியன்" தானே. வைஃபை வேலை செய்யாட்டியும் நான், வட்ஸ்அப் பக்கப் போனாலும் நான், புயல் வந்தாலும் நான். உங்கட வீட்டிலயும் அந்த ஆள் நீங்களாத்தான் இருப்பீங்கள்.

பெரியம்மா யாழ்ப்பாணத்தில் கரையோரமாக, கடலில இருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறா. பள்ளக்காணி. தனி ஆள். அன்று பின்னேரமே காணி உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், செத்துப்போன பெரியப்பாவின் படங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தா. கோயிலடியில் சொந்தக்காரர் வீடு ஒன்று மேட்டில் இருக்கு, அங்கே போகலாம். என்னிடம் கேட்டா: "தம்பி, நான் போகவோ, இருக்கவோ?"

நான் ஆப்பைப் பார்த்தேன். புயலின் பாதைக் கோடு திருகோணமலைப் பக்கம் போனது. ஸ்கிரீன்ஷொட் எடுத்தேன், சிவப்பு அம்புக்குறி போட்டேன், குழுவில் அனுப்பினேன். "திருகோணமலைப் பக்கம்தான் போகுது பெரியம்மா. உங்களுக்குப் பிரச்சினை இல்லை. நிம்மதியாப் படுங்கோ." வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கோடு பிழைக்கவில்லை. அன்றிரவே புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. ஆனால் மழை கோட்டின் வழியே போகவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல இடங்கள் வெள்ளத்தில் நின்றன. அடுத்த நாள் இரவு பெரியம்மாவின் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணி. என்ர மெசேஜைப் பார்த்துவிட்டு அவ கட்டின பையை அவிழ்த்துக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தா. அயல் வீட்டுப் பெடியள் வந்து அவவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. காணி உறுதியில் மை கரைந்துபோச்சு. பெரியப்பாவின் படங்களில் பாதி ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போச்சு.

பிறகு கதைக்கும்போது ஒரு வசனம்தான் சொன்னா. "நீ சொன்னபடியால்தான் தம்பி நான் இருந்தனான்." அதில் கோபம் துளிகூட இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அவ கேட்டது போகவா, இருக்கவா என்று. நான் சொன்னது புயலின் நடுப்புள்ளி எங்கே போகும் என்று. இரண்டும் வேற வேற கேள்வி. அது அப்போ எனக்கு விளங்கவில்லை.

அந்தக் கோடு என்ன?

பொட்காஸ்டில் சொன்னதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். கடலுக்கு மேலே அளவுக் கருவிகள் குறைவு. அதனால் புயல் இப்போது எப்படி இருக்கிறது என்பதே முழுசாகத் தெரியாது. ஆகவே ஐரோப்பிய நடுத்தரகால வானிலை மையம் ஒரே கணக்கை ஆரம்ப நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி மொத்தம் 51 தரம் ஓட்டுகிறது. எங்கட மெட்டியோசுவிஸ் கூட ஆல்ப்ஸ் மலைக்கு இதே உத்தியைத்தான் பாவிக்கிறது. அதன் ஐகொன் மொடல்களில் 1 கிலோமீட்டர் கட்டம் உள்ளது 11 தரமும், 2 கிலோமீட்டர் கட்டம் உள்ளது 21 தரமும் ஓடும். 51 பாதைகளையும் ஒரே வரைபடத்தில் போட்டால் உண்மையான இடியப்பச் சிக்கல்தான்.

நாங்கள் ஆப்பில் பார்ப்பது பெரும்பாலும் அந்தச் சிக்கலில் இருந்து உருவி எடுத்த ஒரேயொரு இழை. சில நிலையங்கள் கோட்டைச் சுற்றிக் கூம்பு மாதிரி ஒரு வெள்ளைப் பகுதி போடும். அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் தன் கூம்பை எப்படி வரைகிறது தெரியுமா? கடந்த ஐந்து வருடங்களில் தன் கணிப்புகள் எவ்வளவு பிழைத்தன என்று பார்த்து, மூன்றில் இரண்டு பங்கு தடவைகள் புயலின் மையம் உள்ளே அடங்குகிற அகலத்துக்கு வரைகிறது. அப்படியென்றால் மூன்றில் ஒரு பங்கு தடவைகளில் மையம் கூம்புக்கு வெளியே போகலாம். இன்னொன்று: அந்தக் கூம்பு புயலின் மையம் எங்கே போகலாம் என்பதைத்தான் காட்டுகிறது. காற்றும் மழையும் கடல் பெருக்கும் எவ்வளவு தூரம் வரும் என்று அது சொல்வதில்லை. கூம்பு புயலின் பருமனும் இல்லை.

வேலையில் நான் இப்படி நடப்பதில்லை. கிளையன்ட் "எப்ப முடியும்?" என்று கேட்டால் நான் ஒரு திகதியைச் சொல்ல மாட்டேன். "வெள்ளிக்கு முடியலாம், திங்கள் எண்டால் நிச்சயம், பிழைச்சுதெண்டால் பழைய வேர்ஷனுக்குத் திரும்ப இதுதான் வழி" என்று சொல்வேன். ஒரு வங்கி வெப்தளத்துக்கு அவ்வளவு கவனம். பெரியம்மாவுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி.

புரெவி நின்ற இடம்

புரெவியின் மிச்சக் கதையையும் கேளுங்கோ. இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் வந்த பிறகு, பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே 3ஆம் திகதி இரவோ 4ஆம் திகதி அதிகாலையோ கரையைக் கடக்கும் என்றுதான் இந்திய வானிலை ஆய்வுத் துறை சொன்னது. தமிழ்நாட்டில் ஆறு தென் மாவட்டங்களுக்கு விடுமுறை. திருவனந்தபுரம் விமான நிலையத்தை மணிக்கணக்காக மூடினார்கள். ஆனால் அது வலுவிழந்து, இராமநாதபுரம் கரைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. புயலைத் தள்ளிக்கொண்டு போவது அதைச் சுற்றி இருக்கிற பெரிய காற்றோட்டங்கள். அவை இரண்டு பக்கமும் இழுபட்டால் புயல் போக வழி தெரியாமல் நிற்கும். எந்த மொடலுக்கும் கஷ்டமான இடம் அதுதான்.

விடுமுறை விட்ட இடங்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கோட்டுக்கு எத்தனையோ தூரம் தள்ளி, சிதம்பரத்திலும் கொள்ளிடத்திலும் மழை கொட்டித் தீர்த்தது. நடராசர் கோயிலுக்குள்ளேயே தண்ணி நின்றது.

அப்ப கன்னியாகுமரி விடுமுறை வீணா? நான் இல்லை என்றுதான் சொல்வேன். மூன்று வருடத்துக்கு முதல், 2017 நவம்பர் கடைசியில், ஒக்கி புயல் அதே கடலில் மிகக் கெதியாகப் பலமெடுத்தது. எச்சரிக்கை வரும்போது ஆழ்கடல் மீனவர்கள் பலர் ஏற்கனவே கடலில் நின்றார்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் எத்தனையோ வீடுகளுக்கு ஆட்கள் திரும்பி வரவில்லை. 1964 டிசம்பரில் ஏறக்குறைய புரெவி போன அதே வழியால், வட இலங்கையைக் கடந்து பாம்பனுக்குப் போன புயல்தான் தனுஷ்கோடியை அழித்தது. ரயிலையே கடல் கொண்டுபோனது. ஒரே பாதை, இரண்டு முடிவு. பாதையைப் பார்த்து முடிவைச் சொல்ல ஏலாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கரையைப் பார்த்தோம், மலையைப் பார்க்கவில்லை

2025 நவம்பரில் டிட்வா வந்தபோது நான் ஸ்கிரீன்ஷொட் அனுப்பவில்லை. பெரியம்மாவை வேளைக்கே மேட்டுக்கு அனுப்பினோம். பாடம் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் எங்கட குழுவில் எல்லாரும் பார்த்தது கரையோரத்தை மட்டும்தான்: மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு, பருத்தித்துறை. புயல் என்றால் கடற்கரைப் பிரச்சினை என்றுதானே எங்களுக்குள் ஊறியிருக்கு.

டிட்வா மெதுவாக இலங்கைக்கு மேலாகவே நகர்ந்தது. அதன் மழை மலையில் விழுந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் வீடுகளை ஆட்களோடு மூடின. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தோட்ட லயன் வீடுகளில் இருந்த எங்கட ஆட்கள் எத்தனை பேர். என்னோடு வேலை செய்கிற நண்பன் ஒருவனின் குடும்பம் மலையகம். அவன் இரண்டு நாள் போன் அடித்துக்கொண்டே இருந்தான், லைன் கிடைக்கவில்லை. நான் அவனிடம் ஒரு தரம்கூட விசாரிக்கவில்லை. என்ர வரைபடத்தில் அவனுடைய ஊர் கோட்டில் இருந்து தூரம். (அவனுடைய ஆட்கள் தப்பிவிட்டார்கள். அதை மூன்றாம் நாள்தான் கேட்டேன்.)

அந்த நாட்களில் எச்சரிக்கைகள் தமிழில் நேரத்துக்கு வரவில்லை, சிலது வரவே இல்லை என்ற குறையும் பலமாகப் பேசப்பட்டது. அதை மனதில் வைத்திருங்கோ, கீழே திரும்ப வருவேன்.

"ஏஐ வந்திட்டுதே, இனிச் சரியாயிடும்"

எபிசோட் கேட்டவர்களில் பாதிப் பேர் இதைத்தான் எழுதுவீங்கள், தெரியும். ஓம், முன்னேற்றம் உண்மை. டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் 2023இல் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. ஐரோப்பிய மையமே 2025 பெப்ரவரியில் தன் ஏஐஎஃப்எஸ் மொடலை நாளாந்தச் சேவைக்குக் கொண்டுவந்தது. முந்தி சூப்பர் கொம்பியூட்டர் மணிக்கணக்காகச் செய்த கணக்கை இவை நிமிடங்களில் செய்கின்றன. புயல் பாதையில் நல்லாவே செய்கின்றன.

ஆனால் ஏஐஎஃப்எஸ்ஸின் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரு மலைச்சரிவும் அதன் கீழே இருக்கிற லயனும் அதற்குள் தெரியாது. பெரியம்மாவின் பள்ளக்காணியும் தெரியாது. கோடு எவ்வளவு திருத்தமாக வந்தாலும், 2020இல் நான் செய்த பிழையை அது திருத்தியிருக்காது. அன்றைக்குக் கோடு சரியாகத்தானே இருந்தது.

பிளாட்டன் செய்தது

இனி எங்கட நாட்டுக்கு வாறன். 2025 மே மாதம், லோச்சென்டால் பள்ளத்தாக்கில் இருக்கிற பிளாட்டன் கிராமம். மலை அசைகிறது, பனியாற்றின் மேல் பாறைகள் விழுகின்றன. எப்போது விழும், எவ்வளவு விழும், ஊர் வரைக்கும் வருமா என்று ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாது. மே 19இல் ஏறத்தாழ 300 பேரையும் வெளியேற்றினார்கள். மாடுகளையும் கொண்டுபோனார்கள், காயப்பட்ட ஒரு மாட்டை ஹெலிகொப்டரில் தூக்கினது எல்லாச் செய்தியிலும் வந்தது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமை போனது. பெரிய சரிவு வரவில்லை. மே 28 பின்னேரம் பனியாறு இடிந்து விழுந்து ஊரின் பெரும்பகுதியை மூடியது. இறந்தது ஒருவர்.

நிச்சயம் வரும்வரைக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. நடுவில் போன ஒன்பது நாளும் "சும்மா எழுப்பினாங்களோ" என்று யாருக்காவது தோன்றியிருக்கலாம். ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஒரு அரசு நின்றது, காப்புறுதி நின்றது. போவதற்குக் கையில் காசு இருக்கா என்று கணக்குப் பார்த்து அவர்கள் முடிவு எடுக்கவேண்டி இருக்கவில்லை.

பெரியம்மாவுக்கு அந்தக் கணக்கு இருந்தது. இதை அவ எனக்குச் சொன்னது எத்தனையோ வருடம் கழித்து. அன்றைக்கு அவ தயங்கினதற்குக் காரணம் புயல் இல்லை. போய்வர ஓட்டோக் காசு. சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூச்சம். கோழிகளை யார் பார்ப்பது. ஒன்றும் நடக்காவிட்டால் ஊர் சிரிக்குமே என்ற வெட்கம். "நீ வேண்டாம் எண்டு சொன்னோன்ன எனக்கு நல்லதாப் போச்சு." கடற்றொழிலாளிக்கு ஒரு நாள் வேலை போகும். தோட்டத்தில் ஒரு நாள் பேர் போகும். வெறும் எச்சரிக்கையாக முடிந்தால் அந்தச் செலவை அவர்கள்தான் கட்டவேணும். அதனால்தான் எல்லாரும் கோட்டையே பார்த்துக்கொண்டு, அது கொஞ்சம் விலகாதா என்று இருக்கிறார்கள்.

என்ர கருத்து

நாங்கள் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புவதில் குறை வைப்பதில்லை. ஆனால் எப்போது அனுப்புகிறோம்? வெள்ளம் வடிந்த பிறகு. கூரைக்கு, மெத்தைக்கு, பாத்திரத்துக்கு. முதல் நாள் அனுப்புவது ஸ்கிரீன்ஷொட். நான் சொல்வது இதை மாற்றுங்கோ என்று. காசை முதல் அனுப்புங்கோ.

இது என்ர கண்டுபிடிப்பு இல்லை. செஞ்சிலுவைச் சங்கங்கள் இதை வருடக்கணக்காகச் செய்துவருகின்றன. கணிப்பு ஒரு குறித்த அளவைத் தொட்டால், அழிவு வர முதலே மக்களுக்குக் காசு போகும். சில தடவை புயல் விலகிப் போனாலும் பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டுதான் அந்தத் திட்டமே. ஒரு நிறுவனம் செய்வதை ஒரு குடும்பம் செய்ய ஏலாதா? எங்கட குழுவில் இப்போது எழுதிவைத்திருப்பது இதுதான்:

முதலாவது, மழைக்காலம் தொடங்க முதலே ஒவ்வொரு வீட்டுக்கும் கேள்வி கேட்டு வைத்துவிட்டோம். தண்ணி எந்தப் பக்கத்தால் வரும்? மேட்டில் யார் வீடு? போக எவ்வளவு நேரம்? பையில் என்ன இருக்கவேணும்? இவற்றுக்கு மொடல் தேவையில்லை, பெரியம்மாவுக்கே எல்லாம் தெரியும். நாங்கள்தான் ஒரு நாளும் கேட்கவில்லை.

இரண்டாவது, முடிவு எடுக்கிற அளவை முதலே பேசிவிட்டோம். எங்கட மாகாணத்துக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை வந்தால், பகல் வெளிச்சத்திலேயே புறப்படுவது. கோடு எங்கே போகிறது என்ற விவாதம் இல்லை. அன்றைக்கே இங்கேயிருந்து 50 பிராங் போகும், திருப்பிக் கேட்பதில்லை. புயல் வராவிட்டால் அது பெரியம்மா சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள் நின்று கதைத்துவிட்டு வந்த செலவு. நாங்கள் இங்கே இரண்டு பேர் வெளியே சாப்பிட்டால் அதைவிடக் கூட வரும்.

மூன்றாவது, மொழி. உங்களுக்கு பிரெஞ்சும் ஜெர்மனும் ஆங்கிலமும் தெரியும். அம்மா அப்பாவுக்கு கடிதம் வாசித்துச் சொல்லியே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அந்தப் பழக்கம் இங்கே உதவும். திணைக்களத்தின் ஆங்கில அறிக்கையை, மண்சரிவு எச்சரிக்கையை, இடப்பெயரோடும் நேரத்தோடும் தமிழில் நாலு வரி எழுதி அனுப்புங்கோ. எழுத வராவிட்டால் வொய்ஸ் மெசேஜ். சொந்தக் கணிப்பைச் சேர்க்காதேங்கோ. இலங்கையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, தமிழ்நாட்டில் 1070. அதையும் கீழே போடுங்கோ.

இதற்கு ஒரு மறுப்பு இருக்கு, அது நியாயமானது. "தூரத்தில் இருக்கிற எங்களால் வேறென்ன ஏலும்? அந்தப் படம் அனுப்புவதே பாசம்தானே?" பாசம்தான். 2020இலும் அது பாசம்தான். இரவு முழுக்க நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது பெரியம்மாவுக்காகத்தான். ஆனால் "பயப்பிடாதேங்கோ" என்று எழுதியபோது நான் தணித்தது என்ர பயத்தை.

ஆப்பை அழிக்கச் சொல்லவில்லை. நானும் பார்ப்பேன், பார்க்காமல் இருக்க ஏலாது. பார்த்துவிட்டு போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு கோல் எடுங்கோ. எங்க அடிக்கும் என்பதை விட்டுவிட்டு, பை கட்டியாச்சா, ஓட்டோக்காரனுக்குச் சொல்லியாச்சா என்று கேளுங்கோ. உங்கட வட்டத்தில் மலையகத்து நண்பர் இருந்தால் அவரையும் கேளுங்கோ.

பெரியம்மா டிட்வா நேரம் இரண்டு இரவு கோயிலடியில் நின்றா. திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குள் தண்ணி வரவே இல்லை. கோழியும் சுகம். "சும்மா அலைஞ்சது தம்பி," என்று சிரித்தா. பையை அவிழ்த்தீங்களா என்று கேட்டேன்.

"இல்லை. அது அப்படியே கிடக்கட்டும்," என்றா.

உங்கட குடும்பக் குழுவில் என்ன நடக்கிறது என்று இந்தக் கடிதத்துக்கே பதில் போட்டு எழுதுங்கோ. அடுத்த எபிசோடில் பெயர் சொல்லாமல் வாசிக்கிறோம்.